புத்தகத்தைப் பரண்மேல் போடலாமா?

சென்ற மாதம் நமது படிப்பகத்தில் ஒரு தகராறு. கூலியைப் பற்றி அல்ல. போனஸைப் பற்றி அல்ல. ஒரு நாவலைப் பற்றி!

சு.சமுத்திரம் எழுதிய ‘வாடாமல்லி’யை ரிங் பிரேமில் வேலை செய்யும் தோழர் ஒருவர் மூன்று இரவில் படித்து முடித்தார். “இதை எல்லாரும் படிக்க வேணும்” என்று துண்டுக் காகிதத்தில் எழுதி, புத்தகத்துக்குள் செருகி, முன்வரிசையில் நிறுத்திவிட்டு இரவு ஷிப்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தால் புத்தகத்தைக் காணோம். தேடினோம். சணல் கயிற்றால் கட்டுண்டு பரண்மேல் கிடந்தது. தனியாகவும் கிடக்கவில்லை. ரேவதியின் ‘வெள்ளை மொழி’, பிரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’, கி.ராஜநாராயணனின் சிறுகதைத் தொகுதி, எல்லாம் ஒரே கட்டு!

கட்டிப் போட்டவர் யார்? ஆலை முதலாளி அனுப்பிய ஆளா? இல்லை. முப்பது வருஷம் சங்கத்துக்கு உழைத்த நமது அண்ணாச்சிதான். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொன்னார். திருநங்கைகளைப் பற்றி அவர் சொன்ன சொல்லை இங்கே அச்சிட மாட்டோம். மற்றது இது: “ஆபாசம். மேல்நாட்டுச் சங்கதி. வயிறு நிறைந்தவன் விவகாரம். நம்ம பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் இது எதற்கு?”

நாம் அந்தக் கட்டை அவிழ்த்தோம். அண்ணாச்சிக்கு மனத்தாங்கல். அவர் ஒருவருக்கு மட்டும் அல்ல, அவரைப்போல் நினைக்கிற வேறு பல தோழர்களுக்கும் சேர்த்தே காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆபாசம் என்கிறார்கள். 1942ல் இஸ்மத் சுக்தாய் என்ற முற்போக்கு எழுத்தாளர் உருதுவில் ‘லிஹாஃப்’ என்றொரு கதை எழுதினார். லிஹாஃப் என்றால் ரஜாய். நவாப் ஒருவர் பேகத்தை மணந்து அரண்மனையில் மூலையில் உட்கார்த்தி வைத்துவிட்டு, வாலிபர்களோடு பொழுது போக்குகிறார். பேகத்துக்கு ஆறுதல் வேலைக்காரி ஒருத்தி. இருட்டில் ரஜாய் அசைவதையும் சுவரில் நிழல் ஆடுவதையும் ஒரு சிறுமி பார்க்கிறாள். அவ்வளவுதான் கதை. வெள்ளைக்காரன் சர்க்கார் லாகூர் கோர்ட்டுக்கு இழுத்தது. எந்தச் சொல் ஆபாசம் என்று காட்டச் சொன்னார்கள். ஒருவராலும் காட்ட முடியவில்லை! வழக்கு தள்ளுபடியாயிற்று. டீக்கடைச் சுவரில் ஒட்டுகிற சினிமாப் போஸ்டரை எந்தத் தோழரும் கிழித்துப் பரண்மேல் போட்டதாக நமக்குத் தெரியாது.

மேல்நாட்டுச் சங்கதி என்கிறார்கள். கட்டுக்குள் அகப்பட்ட கி.ரா. யார்? நமது கரிசல் மண்ணின் சம்சாரி. இடைசெவல் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம். விவசாயிகள் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். செங்கொடியின் கீழ் நின்றவர். அவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே ‘கோமதி’ என்ற கதையை எழுதிவிட்டார். ஆணாகப் பிறந்து பெண் மனசோடு வாழ்கிற ஒரு சமையல் தொழிலாளியின் கதை அது. அதை அவர் லண்டனிலிருந்தா இறக்குமதி செய்தார்? கப்பலில் வந்தது வேறொன்று. 1860ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு! வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வதைக் குற்றமாக்கிய அந்தப் பகுதியைச் சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பரில்தான் செல்லாது என்றது. வெள்ளைக்காரன் போய் எழுபத்தொரு வருஷம் கழித்து!

இனி, வயிறு நிறைந்தவன் விவகாரம் என்கிற பேச்சு. இது கொஞ்சம் நின்று பேச வேண்டிய விஷயம்.

லண்டனில் 1979 முதல் ஒரு புத்தகக்கடை இருக்கிறது. பெயர் ‘கேய்ஸ் த வேர்ட்’. ஆணை நேசிக்கும் ஆண்கள், பெண்ணை நேசிக்கும் பெண்கள் எழுதிய கதைகளையும் அவர்களைப் பற்றிய கதைகளையும் விற்கிற கடை. வருகிறவர்கள் புத்தகம் வாங்குவார்கள். இது நன்றாயிருக்கிறது, அது சகிக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். 1984 ஏப்ரலில் சுங்க இலாகா அதிகாரிகள் அந்தக் கடையில் புகுந்து, அன்னிய நாட்டிலிருந்து வந்த புத்தகங்களை ஆயிரக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். கடை நடத்தியவர்கள்மேல் சதி வழக்கு! 1986ல்தான் அதைக் கைவிட்டார்கள்.

அதே 1984ல், மார்ச் மாதம் முதல், பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. தாட்சர் சர்க்கார் போலீசை ஏவிற்று. சங்கத்தின் பணத்தை முடக்கிற்று. சுரங்கத் தொழிலாளி வீட்டில் அடுப்பெரியவில்லை. அப்போது அந்தப் புத்தகக்கடை வாசலில் பிளாஸ்டிக் வாளியோடு நின்று நிதி திரட்டியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? ‘சுரங்கத் தொழிலாளரை ஆதரிக்கும் லெஸ்பியன்களும் கேய்களும்’ என்று பெயர் வைத்துக்கொண்ட வாலிபர்கள். அவர்களை முன்னின்று சேர்த்தவர்களில் ஒருவர் மார்க் ஆஷ்டன், வாலிபக் கம்யூனிஸ்ட். தெற்கு வேல்ஸில் டிலைஸ் பள்ளத்தாக்கு என்ற சுரங்கப் பிரதேசத்துக்கு வாளியில் விழுந்த பணம் போயிற்று. கொடுத்தவர்களும் நேரில் போனார்கள். சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் தங்கினார்கள். முதலில் கூச்சம் இருந்தது. பிறகு ஒரே பந்தியில் சாப்பாடு.

வேலைநிறுத்தம் ஒரு வருஷம் நடந்து தோற்றது. ஆனால் 1985ல் லண்டனில் அந்த வாலிபர்களுடைய ஊர்வலம் புறப்பட்டபோது முன்னணியில் சங்கக் கொடிகளோடு நடந்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள்! அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் அவர்களுடைய உரிமைக்கான தீர்மானம் வந்தபோது சுரங்கத் தொழிலாளர் சங்கம் தன் வாக்குகள் முழுவதையும் அதற்கு ஆதரவாகப் போட்டது. ஆஷ்டன் 1987ல் இறந்தார். வயது இருபத்தாறு.

வயிறு நிறைந்தவன் விவகாரமா இது? அண்ணாச்சி இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, “கார்க்கி என்ன சொன்னார், அதைச் சொல்லுங்கள்” என்றார்.

சரியான இடத்தில் பிடித்தார். மறைப்பானேன்? நமது அலமாரியின் உச்சியில் ரகுநாதன் தமிழாக்கிய ‘தாய்’ இருக்கிறது. அந்தக் கார்க்கியே 1934ல் ஒரு கட்டுரையில் இந்த நேசத்தைப் பாசிசத்தோடு முடிச்சுப் போட்டு எழுதினார். 1917 புரட்சி ஜாருடைய சட்டத்தைக் குப்பையில் போட்டது. 1922ல் எழுதிய சோவியத் தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றமே கிடையாது. 1934ல் அதைத் திரும்பக் கொண்டுவந்து, ஐந்து வருஷம் வரை சிறை என்றார்கள். அது தவறு. பெரிய தவறு. அதற்கு முந்திய வருஷம், 1933 மே மாதத்தில், பெர்லினில் நாஜிகள் என்ன செய்தார்கள்? இதே விஷயத்தை ஆராய்ந்துவந்த டாக்டர் ஹிர்ஷ்பெல்டின் நிலையத்தைச் சூறையாடி, அதன் புத்தகங்களை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். பாசிஸ்டு எரித்த புத்தகத்தைப் பாசிசத்தின் புத்தகம் என்று சொன்னால் அது எப்படிப் பொருந்தும்? ‘தாய்’ அலமாரியில் இருக்கட்டும். அந்தக் கட்டுரையைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். கார்க்கியை நேசிப்பதற்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதெல்லாம் வாதம். வாதத்தால் மனசு மாறியதாக நாம் அதிகம் பார்த்ததில்லை. ஒரு கதையால் என்ன நடந்தது என்பதைச் சொல்லுகிறோம்.

லெஸ்லி பைன்பெர்க் என்றொரு எழுத்தாளர். அமெரிக்கர், கம்யூனிஸ்ட், பஃபலோ நகரத்தில் வளர்ந்தவர், 2014ல் காலமானார். 1993ல் ‘ஸ்டோன் புட்ச் புளூஸ்’ என்ற நாவலை எழுதினார். பிற்காலத்தில் அதை யாரும் காசில்லாமல் எடுத்துப் படிக்கலாம் என்று விட்டுவிட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த தோழர் ஒருவரின் மகள் அச்செடுத்துக் கொடுத்தாள். நமக்கு இருப்பதோ பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பகலில் படித்து, ஞாயிறு மாலைகளில் படிப்பகத் திண்ணையில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தோம். முதல் வாரம் ஏழு பேர். ஆறாவது வாரம் திண்ணை கொள்ளவில்லை.

கதை ஜெஸ் என்ற தொழிலாளியைப் பற்றியது. பெண்ணாகப் பிறந்தவர், ஆணைப்போல் நடையும் உடையும் கொண்டவர், பெண்களை நேசிப்பவர். சின்ன வயதிலேயே தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார். தன்னைப் போன்றவர்கள் கூடுகிற மதுக்கடை ஒன்றுதான் அவருக்கு ஊர், உறவு எல்லாம். அங்கேயும் போலீஸ் வரும். வண்டியில் ஏற்றும். ஸ்டேஷனில் நடப்பதைப் பைன்பெர்க் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியைச் சொல்லும்போது நமக்கே குரல் வரவில்லை. லாக்கப்பைக் கண்டவர்கள் திண்ணையில் இரண்டொருவர் இருந்தார்கள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஆனால் ஜனங்களை இழுத்தது அது அல்ல. தொழிற்சாலைதான். பைன்பெர்க் தொழிற்சாலைக்குள் நுழைந்து எழுதுகிறார். யந்திரத்தின் சத்தம், நேரத்துக்குப் பதிந்துகொள்கிற அட்டை, சாப்பாட்டு வேளையில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது, வெள்ளைத் தொழிலாளிக்கும் கறுப்புத் தொழிலாளிக்கும் நடுவே நிர்வாகம் வைக்கிற சிண்டு, எல்லாம் இருக்கிறது. யந்திரத்தின் பாதுகாப்புச் சாதனம் கழன்று கிடக்க, ஜெஸ்ஸின் கை அகப்படுகிற இடம் வந்தபோது, கார்டிங்கில் இரண்டு விரலைக் கொடுத்த தோழர் ஒருவர், “கழன்றதா? கழற்றியிருப்பான்!” என்று கத்திவிட்டார். கதையிலும் அந்தச் சந்தேகம்தான்!

அங்கே டஃபி என்றொரு சங்கத் தோழர் வருகிறார். நல்லவர். சிவப்பு என்று பெயர் எடுத்தவர். ஜெஸ்ஸையும் அவருடைய கூட்டாளிகளையும் சங்கத்துக்குள் கொண்டுவரப் பாடுபடுகிறார். தொழிலாளர் தலைவி மதர் ஜோன்ஸின் வாழ்க்கைக் கதையை ஜெஸ்ஸுக்குப் பரிசாகக் கொடுக்கிறார். திண்ணையில் எல்லாருக்கும் டஃபியைப் பிடித்துவிட்டது. தங்களில் ஒருவன் என்று நினைத்தார்கள்.

காலம் போகிறது. வேலையில்லாத் திண்டாட்டம். பிழைப்புக்காகவும் அடியிலிருந்து தப்பவும் ஜெஸ் மருந்து எடுத்து, ஆணாகவே வெளியில் தெரியும்படி மாறி, வேறொரு ஆலையில் ஆணாகவே வேலை செய்கிறார். அங்கே டஃபியும் வருகிறார். ஒருநாள் ஜெஸ்ஸைப் புகழ்ந்து பேசும்போது, மற்றத் தொழிலாளிகள் காதில் விழ, வாய் தவறி ‘அவள்’ என்று சொல்லிவிடுகிறார். ஒரே ஒரு சொல். அன்றோடு ஜெஸ்ஸுக்கு அந்த வேலை இல்லை.

அன்று அந்த இடத்தோடு நிறுத்தினோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

தோழர்களே, இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, சங்க அலுவலகத்துக்கு ஒரு வாலிபன் வந்தான். ஆலையில் பிடித்தம் செய்த சம்பளத்தைக் கேட்டு மனு எழுத வந்தவன். நடையிலும் பேச்சிலும் ஒரு நளினம். நாம் மனுவை எழுதினோம், ஒழுங்காகத்தான் எழுதினோம். எழுதிக்கொண்டே ஒரு கேலியும் செய்தோம். பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மனுவில் கையெழுத்துப் போடாமலே, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பி வரவில்லை. ஆலையிலும் இல்லை. அந்த மனு வெகுகாலம் மேஜை அறையில் கிடந்தது. ‘வந்தான், போனான்’ என்றுதான் இதுநாள்வரை நினைத்திருந்தோம். ‘வந்தார், போனார்’ என்று நினைத்திருக்கலாம். இங்கிலீஷ்காரனுக்கு ‘அவன்’, ‘அவள்’ இரண்டுதான். நடுவில் மாட்டிக்கொண்டான் டஃபி. நமக்கோ ‘அவர்’ என்று ஒரு சொல் பாட்டன் காலத்திலிருந்து சும்மா கிடைத்திருக்கிறது. பண்ணையாருக்கும் மானேஜருக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம்.

இதைத் திண்ணையிலும் சொன்னோம். கொஞ்ச நேரம் கழித்து இருட்டிலிருந்து ஒரு குரல்: “டஃபி மன்னிப்புக் கேட்டானா, இல்லையா?” அண்ணாச்சி! உள்ளே வர மாட்டேன் என்று வேப்பமரத்தடியில் நின்றே ஆறு வாரமும் கேட்டிருக்கிறார். கேட்டார், கடைசியில் ஜெஸ்ஸே டஃபியைத் தேடிப் பிடித்துப் பேசுகிறார், மறுபடியும் சங்க வேலையைப் பற்றித்தான் பேச்சு என்று சொன்னோம். “அது வேணும்” என்றார். அதற்காக அண்ணாச்சி முழுக்க மாறிவிட்டார் என்று எழுத மாட்டோம். திருநங்கை கதை இருக்கட்டும், ஜெஸ் கதையும் இருக்கட்டும், ஆணும் ஆணும் காதலிக்கிற கதையை மட்டும் தன்னால் ஒப்ப முடியாது என்று இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதற்குப் பிறகு படிப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருக்கிறது. படித்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் புத்தகத்துக்குள்ளேயே வைக்கிறார்கள். அடுத்தவர் அதற்குப் பதில் எழுதுகிறார். ‘வாடாமல்லி’க்குள் இப்போது பதினோரு துண்டு இருக்கிறது! கிராமத்துச் சுயம்பு படிக்கப் போன இடத்தில் மேகலையாக மாறி அனுபவிக்கிற கஷ்டத்தைப் பற்றி ரிங் பிரேம் தோழர் எழுதியது: “அழுதுவிட்டேன்.” பருத்தி எடுக்கப் போகும் அக்கா ஒருவர் அதன் கீழே எழுதியிருக்கிறார்: “நானும் அழுதேன். ஆனால் எழுதினவர் வெளியே நின்று பார்த்து எழுதியிருக்கிறார். ரேவதி எழுதினதைப் படியுங்கள். அது கதை இல்லை, அவர் பட்டது. அதில் நம்மை அழச் சொல்லவில்லை.”

அக்கா சொன்னதில் பாதி சரி. 1990களில், வாரப்பத்திரிகைக் கதையில் திருநங்கை என்றால் சிரிப்புக்கு மட்டும்தான் என்றிருந்த காலத்தில், ‘ஆனந்த விகடன்’ வாசகர்கள் முன்னால் அந்த வாழ்க்கையை வாரா வாரம் கொண்டுபோய் வைத்தார் சமுத்திரம். அந்தத் துணிச்சலைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் இரக்கப்பட வைக்கிற கதையோடு நின்றுவிட்டால் போதாது என்பது உண்மை. இரக்கப்படுகிறவன் மேலே நிற்கிறான். பக்கத்தில் நிற்பவன் வேறு. ‘மூன்றாம் பாலின் முகம்’ ஒரு திருநங்கையே எழுதிய நாவல். கதையின் கட்டுக்கோப்பு ‘வாடாமல்லி’ அளவுக்கு இல்லை என்று ஒரு துண்டு சொல்கிறது. நமக்கும் அப்படித்தான் பட்டது. இருந்தாலும் முதலில் எதைப் படிக்க என்று கேட்பவருக்கு, நாம் ‘கோமதி’யைக் கொடுக்கிறோம். ஒரே மூச்சில் படித்துவிடலாம், நமது ஊர்ப் பேச்சு, யாரையும் உபதேசிக்கவில்லை.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். இத்தனை புத்தகத்திலும் நமது ஆலை இல்லை. ஆலை விடுதிகளில் பெண்பிள்ளைகள் வருஷக்கணக்கில் அடைபட்டு, ஒரே அறையில் எட்டுப் பேராய்ப் படுத்து, ஒருத்தி காய்ச்சலுக்கு மற்றொருத்தி கஞ்சி வைத்து வாழ்கிறார்கள். அங்கே நட்புக்கு மேலாக ஓர் அன்பு பிறந்திருக்காதா? அந்த அன்புக்கு வார்டன் என்ன செய்தாள், வீட்டார் என்ன செய்தார்கள்? அதை யார் எழுதப் போகிறார்கள்? ரயில்வே ஸ்டேஷனில் பிச்சை கேட்கும் திருநங்கையை எழுதியாயிற்று. நடவு வயலில் கூலிக்கு நிற்கிற திருநங்கையை எப்போது எழுதப் போகிறோம்? பட்டணத்து எழுத்தாளரைக் காத்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். எழுதி அனுப்பினால் பெயர் போடாமல் வெளியிடவும் நாம் தயார்.

‘வாடாமல்லி’ இப்போது படிப்பகத்தில் இல்லை. இரவல் நோட்டில் அண்ணாச்சியின் பேத்தி பெயர் இருக்கிறது. கொண்டுபோய்ப் பதினெட்டு நாளாகிறது. தவணை பதினைந்து நாள்தான். வரிசையில் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தோம், அண்ணாச்சி படித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.